சீட்டும் கட்டும்: காட்டுக் கருவிகளைச் சரக்காக அனுப்புவது பற்றி

(சரக்குப் போக்குவரத்து, ஏற்றுமதித் துறை மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டில் மரம் வெட்டுகிற, புதர் அழிக்கிற இயந்திரங்களின் கை நுனியில் மாட்டப்படும் கனமான கருவிகள் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் அவற்றை அட்டாச்மென்ட் என்பார்கள். அவற்றை லாரியிலும் கப்பலிலும் அனுப்பும்போது எந்த வகுப்பில் சேர்ப்பது, எப்படிக் கட்டுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதற்கான விதிகளை மிக விரிவாக எழுதி வைத்திருப்பவர்கள் வட அமெரிக்கர்கள். ஆகவே என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த மண்ணிலிருந்தே வரும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கை வகைப்படுத்துவது அலுவலகத்தின் வேலை, கட்டுவது கிடங்கின் வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினை தவறு. இரண்டும் ஒரே வேலை. கட்டு மாறினால் வகுப்பு மாறும். சரக்குச் சீட்டில் எழுதியது பொய்யானால் நல்ல கட்டும் வீணாகும். இரண்டும் பிரிந்து கிடக்கும் இடத்தில் அனுப்புகிறவருக்குப் பணம் போகிறது, சுமக்கிறவருக்கு உடம்பு போகிறது, சில நேரம் காடே போகிறது. இதைத்தான் உங்கள் முன் நிறுவ வந்திருக்கிறேன்.

எந்தச் சரக்கைப் பற்றிப் பேசுகிறோம்?

1957இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ராத்சே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள் ஒரு சிறு லோடரைச் செய்தார்கள். வான்கோழிக் கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே திரும்பி எருவை அள்ள வேண்டும் என்பதே நோக்கம். வடக்கு டகோட்டாவில் க்வின்னர் ஊரிலிருந்த மெல்ரோ நிறுவனம் அதை ஏற்று வளர்த்தது. 1962இல் அதற்குப் பாப்கேட் என்று பெயர் வைத்தார்கள். ஸ்கிட் ஸ்டியர் என்று உலகமே அழைக்கும் இயந்திரக் குடும்பம் அங்கிருந்து கிளைத்தது. பின்னாளில், முன்பக்கத் தகட்டில் கருவியைச் சில நிமிடங்களில் மாட்டிக் கழற்றும் வசதி வந்தது. ஒரே இயந்திரம் காலையில் மண் அள்ளும், பிற்பகலில் புதர் அரைக்கும், மாலையில் மரத்துண்டைக் கவ்வித் தூக்கும் என்ற நிலை பிறந்தது.

அதன் விளைவை நாம் கவனிக்க வேண்டும். இயந்திரம் ஓர் ஊரில் நிற்கிறது. கருவி வேறோர் ஊரில், சில நேரம் வேறொரு நாட்டில், தனியாகச் செய்யப்படுகிறது. ஆகவே கருவி தனிச் சரக்காகப் பயணம் போக வேண்டியிருக்கிறது. தானாக ஓடாது, சக்கரம் கிடையாது, சீரான வடிவமும் கிடையாது, ஆனால் எடை மட்டும் டன் கணக்கு. சரக்குத் தொழிலுக்கு இதைவிடச் சங்கடமான பொருள் குறைவு.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மல்ச்சர் என்பது பற்கள் பதித்த கனத்த உருளை. வேகமாகச் சுழன்று புதரையும் சிறு மரத்தையும் நின்ற இடத்திலேயே சிதைத்துத் தூளாக்கும். காட்டுத்தீக்கு எரிபொருளாகும் அடர்புதரைக் குறைக்கவும், மின்கம்பிப் பாதையைத் துப்புரவாக்கவும் பயன்படுகிறது. கிராப்பிள் என்பது மரத்துண்டைக் கவ்வும் இரும்பு நகங்கள். ஹார்வெஸ்டர் தலை என்பது ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் பேர் வாங்கித் தந்த கருவி. மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, நீளம் அளந்து, துண்டு போடுவது வரை எல்லாவற்றையும் அந்த ஒரே தலை செய்துவிடும். கட்டை பிளக்கும் கருவியும், அடிக்கட்டையை அரைக்கும் கருவியும் உண்டு. இவற்றின் எடை சில நூறு கிலோவில் தொடங்கி மூன்று டன்னைத் தாண்டும்.

வகுப்பு என்றால் என்ன?

அமெரிக்காவில் பார்ட் லோடாக, அதாவது பலருடைய சரக்கை ஒரே டிரெய்லரில் சேர்த்து, அனுப்புவதற்கு ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. தேசிய மோட்டார் சரக்கு வகைப்பாடு என்பது அதன் பெயர். வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியா நகரில் இருக்கும் தேசிய மோட்டார் சரக்குப் போக்குவரத்துச் சங்கம் அதை வெளியிடுகிறது. அதில் 50 முதல் 500 வரை 18 வகுப்புகள். 50 என்றால் கட்டணம் குறைவான வகுப்பு, 500 என்றால் மிக உயர்ந்த வகுப்பு.

இந்தப் பட்டியலின் வேர் ரயில்வே காலத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் நிறுவனங்கள் ஆளுக்கொரு விலை சொல்லின. பெரிய முதலாளிக்குச் சலுகை, சிறு விவசாயிக்குச் சுமை. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 1887இல் மாநிலங்களுக்கிடையிலான வணிகச் சட்டம் வந்தது. கட்டணத்தை வெளியிட வேண்டும், நியாயமில்லாத பாரபட்சம் கூடாது என்று அது கட்டளையிட்டது. 1935இல் லாரிப் போக்குவரத்தும் அந்த ஒழுங்குக்குள் வந்தது. 1980இல் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன. ஆனால் வகுப்புப் பட்டியல் நிலைத்துவிட்டது. இன்று அதை வெறும் எண்களின் அட்டவணையாகப் பார்க்கிறோம். ஒரே மாதிரிச் சரக்குக்கு ஒரே அளவுகோல் என்ற நியாயத்துக்காகப் போராடியவர்கள் விட்டுச் சென்ற கருவி அது. அதை மதிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

வகுப்பை முடிவு செய்ய நான்கு கேள்விகள் கேட்கிறார்கள். சரக்கின் அடர்த்தி எவ்வளவு? கையாள எளிதா, கடினமா? மற்றச் சரக்கோடு சேர்த்து அடுக்க முடியுமா? சேதமானால், திருட்டுப் போனால், மற்றச் சரக்கைக் கெடுத்தால் பொறுப்பு எவ்வளவு? இந்த நான்கில் அடர்த்தியின் ஆட்சி இப்போது கூடியிருக்கிறது. 2025 ஜூலை 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில், ஏராளமான சரக்குகளை 13 படிகள் கொண்ட அடர்த்தி அளவுகோலின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். கன அடிக்கு 50 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் வகுப்பு 50. 30 முதல் 35க்குள் என்றால் 60. 15 முதல் 22.5க்குள் என்றால் 70. 12 முதல் 15க்குள் 85. 10 முதல் 12க்குள் 92.5. 8 முதல் 10க்குள் 100. இப்படியே ஏறி, ஒரு பவுண்டுக்கும் குறைவானால் 400 வரை போகும்.

காற்றுக்குக் கொடுக்கும் கூலி

இந்த அளவுகோலை நம் கருவியின் மேல் வைத்துப் பார்ப்போம். கையில் பேனா இருப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 1,728ஆல் வகுத்தால் கன அடி வரும். எடையை அந்தக் கன அடியால் வகுத்தால் அடர்த்தி.

72 அங்குல நீளம், 48 அங்குல அகலம், 48 அங்குல உயரத்தில் பேலட்டின் மேல் வாய் திறந்து நிற்கும் ஒரு கிராப்பிளை எடுத்துக்கொள்வோம். பேலட்டோடு சேர்த்து எடை 800 பவுண்டு, ஏறக்குறைய 363 கிலோ. கொள்ளளவு 96 கன அடி. அடர்த்தி 8.3. வகுப்பு 100.

அதே கிராப்பிளின் நகங்களை முழுவதும் மூடி, படுக்கவைத்து, சங்கிலியால் இறுக்கினால் உயரம் 32 அங்குலமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 64 கன அடி. அடர்த்தி 12.5. வகுப்பு 85. ஒரு கிலோ இரும்பைக்கூட நாம் குறைக்கவில்லை.

இப்போது அதே கட்டிலிருந்து ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் ஆறு அங்குலம் மேலே துருத்திக்கொண்டிருக்கட்டும். அளக்கிறவர் ஹோஸின் நுனி வரை அளப்பார். விதியும் அதைத்தான் சொல்கிறது. உயரம் 38 ஆகிறது, கொள்ளளவு 76 கன அடி, அடர்த்தி 10.5, வகுப்பு 92.5. ஒரு ஹோஸை மடக்கிக் கட்ட மறந்ததற்கு ஒரு படி உயர்ந்த வகுப்பு.

மல்ச்சரிலும் இதே கதைதான். 72, 48, 40 அங்குல அளவில் 2,480 பவுண்டு எடையுள்ள மல்ச்சர் 31 என்ற அடர்த்தியோடு வகுப்பு 60இல் அமரும். அதையே பெருமைக்காக 60 அங்குல உயர மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் எடையும் சேர்ந்து 2,640 பவுண்டு ஆனால், அடர்த்தி 22க்கு இறங்கி வகுப்பு 70க்குப் போய்விடும். பெரிய பெட்டி பாதுகாப்பு என்று நினைத்தோம். உள்ளே இருக்கும் காற்றுக்குக் கூலி கொடுத்தோம்.

இரும்பின் அடர்த்தி கன அடிக்கு ஏறத்தாழ 490 பவுண்டு. நாம் முதலில் கண்ட கிராப்பிள் கட்டின் அடர்த்தி எட்டேகால். அந்தக் கட்டுக்குள் நூற்றில் இரண்டு பங்குகூட இரும்பில்லை, மீதியெல்லாம் வெற்றிடம். கனமான சரக்கு என்று நாம் நினைத்ததைச் சரக்கு விதி லேசான சரக்கு என்று பார்க்கிறது. பொறியாளர்களுக்கே இது முதலில் வியப்பாக இருக்கும். கிடங்கில் கருவியைப் படுக்கவைக்கும் தொழிலாளி எடுக்கும் முடிவுதான் அலுவலகத்தில் எழுதப்படும் வகுப்பைத் தீர்மானிக்கிறது. அவரிடம் அந்தக் கணக்கை யாராவது சொல்லியிருக்கிறோமா?

பெயர் சரியாக இருக்கட்டும்

சரக்குச் சீட்டில் "இயந்திர பாகங்கள்" என்று பொதுவாக எழுதி அனுப்பும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. அது வம்பை விலைக்கு வாங்குவது. என்ன கருவி, எந்த இயந்திரத்தில் மாட்டுவது, புதியதா பழையதா, பேலட்டின் மேலா பெட்டிக்குள்ளா என்று எழுத வேண்டும். பழைய கருவிக்கு லாரி நிறுவனங்கள் பல, சேதப் பொறுப்பைப் பவுண்டுக்குச் சில சென்ட் என்று சுருக்கிவிடுகின்றன. பழையதைப் புதியது என்று எழுதினால் இழப்பீடு கேட்கும் நாளில் அந்தச் சொல்லே எதிர்ச்சாட்சி ஆகும். மேலும், சரக்கு முனையங்களில் எடைமேடையும் அளவெடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. சீட்டில் சொன்னதும் மேடையில் நின்றதும் ஒத்துப்போகாவிட்டால் திருத்திய பில் வந்து சேரும்.

இங்கே மாணவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். லாரிக்கான இந்த வகுப்பு வேறு, சுங்கத்துக்கான எண் வேறு. உலக சுங்க அமைப்பின் ஒத்திசைவு முறை 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 84ஆம் அத்தியாயம் இயந்திரங்களுக்கானது. மண் தோண்டும், பாரம் தூக்கும் இயந்திரங்களின் பாகங்கள் 8431 என்ற தலைப்பில் வருகின்றன. பக்கெட்டும் பிடிக்கும் கவ்விகளும் அங்கே இடம்பெறும். வேறெங்கும் சொல்லப்படாத வேளாண், வன இயந்திரங்கள் 8436இல் வருகின்றன. அப்படியானால் காட்டுக்கென்றே செய்த ஒரு கருவி, எக்ஸ்கவேட்டரின் பாகமா, தனி வன இயந்திரமா? கருவி தானே ஒரு தொழிலை முழுமையாகச் செய்கிறதா, எதில் மாட்டுவதற்கென்று வடிவமைக்கப்பட்டது என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐயம் இருந்தால் அனுப்பும் முன்பே சுங்கத் துறையிடம் முன்தீர்ப்பு கேட்கலாம். 2017இல் நடப்புக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் அந்த வழியை உறுப்பு நாடுகளுக்குக் கடமையாக்கியிருக்கிறது. ஊகித்து எழுதுவதைவிடக் கேட்டு எழுதுவது மேல்.

பெயரோடு சேர்ந்த இன்னொரு கடமை ஆபத்தைச் சொல்வது. சில ஹைட்ராலிக் கருவிகளில் நைட்ரஜன் அழுத்தி அடைத்த அக்குமுலேட்டர் இருக்கும். ஐக்கிய நாடுகளின் ஆபத்துச் சரக்குப் பட்டியலில் அத்தகைய அழுத்தப் பொருள்களுக்கு 3164 என்ற எண் இருக்கிறது. சொந்த எஞ்சினோடு வரும் அடிக்கட்டை அரைக்கும் கருவிக்கு, எரிபொருளைப் பொறுத்து, வேறு எண்கள் உண்டு. கருவியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்க்கும் சுமைதூக்கிக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லாமல் இருப்பது பெருங்குற்றம்.

கட்டு

இனி கட்டுக்கு வருவோம். பார்ட் லோடாகப் போகும் சரக்கு ஒரே லாரியில் ஏறி ஒரே இடத்தில் இறங்குவதில்லை. முனையத்துக்கு முனையம் இறக்கி ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு ஃபோர்க்லிஃப்ட், ஒரு புதிய கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இந்தக் கருவியை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். அவருக்காகத்தான் நாம் கட்டுகிறோம்.

முதலில் அடித்தளம். சாதாரணக் கடைச்சரக்குப் பேலட் ஒரு டன் மல்ச்சரைத் தாங்குமென்று நம்பக் கூடாது. கனத்த மரச்சட்டங்களால் செய்த தளமோ, கருவிக்கென்றே பற்றவைத்த இரும்புச் சட்டமோ வேண்டும். கருவியைத் தளத்தோடு போல்ட்டால் பிணைக்க வேண்டும். பிளாஸ்டிக் சுருள்தாள் தூசியைத் தடுக்கும், டன் எடையை நிறுத்தாது. ஃபோர்க்லிஃப்டின் நாக்குகள் நுழைய நான்கு அங்குல இடைவெளியாவது கீழே இருக்க வேண்டும்.

இரண்டாவது எடைமையம். கருவிகளில் பெரும்பாலானவை ஒருபக்கச் சாய்வானவை. மோட்டார் ஒரு பக்கம், வெறும் கூடு மறுபக்கம். நடுவில் நாக்கை நுழைத்துத் தூக்கினால் கவிழும். எடைமையம் எங்கே என்பதைப் பெட்டியின் இரு பக்கங்களிலும் பெரிய குறியாக வரைய வேண்டும். தூக்கும் வளையங்களுக்கு வண்ணம் பூச வேண்டும். மொத்த எடையை நான்கு பக்கமும் எழுத வேண்டும். ஒரு டப்பா வண்ணத்தில் முடிகிற இந்த வேலை ஓர் உயிரைக் காக்கும்.

மூன்றாவது அசையும் உறுப்புகள். கிராப்பிளின் நகங்களை மூடிச் சங்கிலியிட வேண்டும். சிலிண்டர் தண்டுகளை உள்ளே இழுத்துவிட வேண்டும். வெளியே நீண்ட தண்டில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய் கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். ஹார்வெஸ்டர் தலையில் மேலே சுழலும் ரோட்டேட்டர் இருக்கும். அதைச் சட்டத்தோடு பூட்டாவிட்டால் வளைவுக்கு வளைவு அது ஆடி அடிக்கும். அறுக்கும் சங்கிலியையும் அதன் பட்டையையும் கழற்றித் தனியே கட்ட வேண்டும். கிளை கழிக்கும் கத்திகளையும் மல்ச்சர் பற்களையும் ஒட்டுப்பலகையால் மூட வேண்டும். ஹோஸ் முனைகளுக்கு மூடி போட்டு, மடக்கி, உட்புறமாகக் கட்ட வேண்டும். மூடியில்லாத ஹோஸ் வழியே போகும் மணல் மோட்டாரைக் கொன்றுவிடும். ஒழுகும் எண்ணெய் பக்கத்திலிருக்கும் வேறொருவரின் சரக்கைக் கெடுக்கும்.

நான்காவது லாரியோடு பிணைப்பது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, முன்னோக்கிய நிறுத்தத்தில் புவியீர்ப்பின் 0.8 மடங்கும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 0.5 மடங்கும் வரும் விசையைக் கட்டு தாங்க வேண்டும். நம் 2,480 பவுண்டு மல்ச்சர் ஏறக்குறைய 1,125 கிலோ. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும், 900 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அது ஓட்டுநரின் முதுகை நோக்கிப் பாயத் துடிக்கும். அந்த ஓட்டுநருக்கும் கருவிக்கும் நடுவே நிற்பது நம் கட்டு மட்டுமே. கட்டும் பெல்ட்டுகள், சங்கிலிகள் ஆகியவற்றின் மொத்த வேலைத்தாங்கு திறன் சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது என்றும் விதி இருக்கிறது. பாதி என்பது எல்லைக்கோடு. அறிந்தவர்கள் அதற்கு மேலே நிற்பார்கள். இரும்பின் மேல் இரும்பு எளிதில் வழுக்கும். நடுவே வழுக்காத ரப்பர் பாய் விரிப்பது செலவு குறைந்த, பலன் மிகுந்த உபாயம்.

இறங்கும் இடத்தையும் ஏற்றும்போதே நினைக்க வேண்டும். மரம் வெட்டும் முகாமில் சரக்கு மேடை இருக்காது. லாரியின் பின்னால் இருக்கும் சாதாரண லிஃப்ட்கேட்டுகள் 2,500 பவுண்டு அளவிலேயே நின்றுவிடும். நம் மல்ச்சர் அந்த எல்லையில் நிற்கிறது. வாங்குகிறவரிடம் ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறதா, அதன் திறன் எவ்வளவு என்று முன்பே கேட்டு அறிவது நம் பொறுப்பு.

சட்டம் யார் பக்கம்?

1906ஆம் ஆண்டின் கார்மாக் திருத்தம் அமெரிக்காவில் சரக்கைச் சுமப்பவரின் பொறுப்பை வரையறுக்கிறது. சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது, சேதமாக வந்தது, இழப்பு இவ்வளவு என்று அனுப்பியவர் காட்டினால் போதும். பொறுப்பு சுமப்பவருடையது. அதிலிருந்து அவர் தப்ப, தம் கவனக்குறைவு இல்லையென்பதோடு ஐந்து காரணங்களில் ஒன்றையும் நிறுவ வேண்டும் என்று 1964இல் எல்மோர் அண்ட் ஸ்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இயற்கைச் சீற்றம், எதிரிப் படை, அரசின் செயல், சரக்கின் சொந்த இயல்பு ஆகியவை நான்கு. ஐந்தாவது, அனுப்பியவரின் சொந்தச் செயல். மோசமான கட்டு அந்த ஐந்தாவதில் அடங்கும்.

சட்டம் அனுப்புகிறவருக்கு வலுவான கேடயம் தந்திருக்கிறது. தளத்தோடு பிணைக்காமல் அனுப்பினால் அந்தக் கேடயத்தை நாமே கழற்றிக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே லாரி ஏறும் முன் கட்டைப் படம் எடுத்து வையுங்கள். நான்கு பக்கம், பிணைப்புகள், எடைமேடைச் சீட்டு. பெறுகிறவரும் பிரித்துப் பார்த்து, சேதம் இருந்தால் கையெழுத்திடும் சீட்டிலேயே குறிக்க வேண்டும்.

கட்டும் மரமும் காடும்

நண்பர்களே, இந்தப் பேச்சின் மிக முக்கியமான பகுதிக்கு வந்திருக்கிறேன். காட்டுக்கான கருவியை எந்த மரத்தில் கட்டுகிறோம்?

1996இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மேப்பிள் மரங்களின் தண்டில் வட்ட வட்டமாகத் துளைகள் தென்பட்டன. ஆசிய நீளக்கொம்பு வண்டின் வேலை அது. சீனாவிலிருந்து வந்த சரக்குகளின் கட்டுமரத்துக்குள், அதாவது அவற்றைக் கட்டப் பயன்பட்ட மரத்துக்குள், புழுவாக இருந்து கடல் தாண்டி வந்திருந்தது. 1998இல் சிகாகோவிலும், 2008இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரிலும் அதைக் கண்டார்கள். வூஸ்டர் பகுதியில் மட்டும் அதைத் தடுக்க 30,000க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 2002இல் மிச்சிகனில், ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத வண்டு கண்டறியப்பட்டது. அதுவும் கட்டுமரத்தில் வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அது கொன்றிருக்கிறது. கொல்வதை இன்னும் நிறுத்தவில்லை.

அதே 2002இல் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 15ஆம் எண் தரநிலை பிறந்தது. நாடுவிட்டு நாடு போகும் கட்டுமரம், உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும், அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கோதுமைக் கதிர்ச் சின்னமும், நாட்டின் குறியும், பதப்படுத்தியவரின் எண்ணும், முறையின் குறியும் மரத்தில் பதிந்திருக்க வேண்டும். மெதில் புரோமைடு புகையூட்டுவதும் ஏற்கப்பட்ட முறைதான். ஆனால் அது ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. வெப்ப முறை கிடைக்கும் இடத்தில் அதையே தேர்ந்தெடுங்கள். பசையிட்டு அழுத்திச் செய்த ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது. இந்தியாவிலிருந்து போகும் மரக்கட்டுக்கும் இதே சின்னம் கட்டாயம். கோயம்புத்தூரிலிருந்து பம்பும் வார்ப்பும் மரப்பெட்டியில் அனுப்புகிற நம்மவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

கனமான கருவிக்குத் தடித்த சட்டம் வேண்டும். தடித்த மரத்தின் உள்மையம் வரை வெப்பம் போக நேரம் அதிகம் பிடிக்கும். கிடங்கின் மூலையில் கிடந்த பழைய கட்டையை முட்டுக்கொடுக்க எடுத்துப் போடுவதும் இங்கேதான் நடக்கிறது. பேலட்டில் சின்னம் இருக்கும், முட்டுக்கட்டையில் இருக்காது. அந்த ஒரு கட்டைக்காகக் கன்டெய்னர் துறைமுகத்தில் நிறுத்தப்படலாம், திருப்பி அனுப்பப்படலாம். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தக் கட்டைக்குள் ஒரு புழு இருந்துவிட்டால் வருவது. நாம் கருவியை அனுப்பும் காட்டுக்கே எமனையும் சேர்த்து அனுப்பிவிடுவோம்.

பழைய கருவிக்கு இன்னொரு கடமை உண்டு. மல்ச்சர் பற்களின் இடுக்கில் ஒட்டிய மண்ணில் விதையும் பூஞ்சையும் பூச்சியின் முட்டையும் பயணம் செய்யும். பயன்படுத்திய இயந்திரங்களின் போக்குவரத்துக்கென்றே 2017இல் 41ஆம் எண் தரநிலை வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கண்டிப்பு. அழுத்த நீரால் கழுவி, உலர்த்தி, கூடுகளைத் திறந்து பார்த்த பிறகே கட்ட வேண்டும். கழுவாத கருவியை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது நல்ல கட்டல்ல.

கடல் வழி

கப்பலில் போவதற்குச் சில சொற்கள். 20 அடி கன்டெய்னரின் கதவு ஏறத்தாழ 2.34 மீட்டர் அகலம், 2.28 மீட்டர் உயரம். கருவியை அளக்கும்போது இந்தக் கதவையும் சேர்த்து அளக்க வேண்டும். நுழையாதவற்றுக்கு மேல்திறந்த கன்டெய்னரும் ஃபிளாட் ரேக்கும் இருக்கின்றன. 2016 ஜூலை 1 முதல், நிறைத்த கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது. தவறான எடையால் அடுக்குகள் சரிந்து, கப்பலும் ஆளும் பட்ட பாட்டிலிருந்து பிறந்த விதி அது. 2014இல் ஏற்கப்பட்ட சரக்கு ஏற்றும் நெறித்தொகுப்பு, கடலில் பக்கவாட்டு விசை 0.8 மடங்கு வரை போகும் என்கிறது. சாலையில் பக்கவாட்டுக்கு 0.5 போதுமாக இருந்த கட்டு கடலில் போதாது. கன்டெய்னரின் உள்ளே ஈரம் வியர்த்துச் சொட்டும். தண்டுகளுக்கும் இணைப்புகளுக்கும் துருத்தடுப்புப் பூச்சும், துருத்தடுப்பு ஆவி தரும் தாளும் தேவை.

நிறைவாக

என் வேண்டுகோள்கள் எளியவை. சீட்டு எழுதுகிறவர் மேசையை விட்டு எழுந்து, கிடங்குக்குப் போய், கட்டி முடித்த சரக்கைத் தம் கையால் அளந்த பிறகு எழுதட்டும். விற்பனைப் புத்தகத்தில் அச்சான அளவு கருவியின் அளவு, கட்டின் அளவல்ல. கட்டுகிற தொழிலாளிக்கு அடர்த்திக் கணக்கையும் விசைக் கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். சுமை சுமையென்று காலமெல்லாம் சுமந்தவருக்கு அந்தக் கணக்கு ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். உற்பத்தியாளர்கள் கருவியை வடிவமைக்கும்போதே அதன் பயணச் சட்டத்தையும் வடிவமைக்கட்டும். கல்லூரிகள் வகைப்பாட்டை ஒரு தாளாகவும் கட்டுதலை இன்னொரு தாளாகவும் பிரிக்காமல் ஒரே பாடமாக நடத்தட்டும்.

மாணவர்களே, நாளை உங்களில் பலர் சரக்குச் சீட்டில் கையெழுத்திடும் இடத்துக்கு வருவீர்கள். அந்தக் கையெழுத்தை நம்பி ஓர் ஓட்டுநர் இரவெல்லாம் வண்டி ஓட்டுவார். முகம் தெரியாத ஒருவர் ஃபோர்க்லிஃப்டின் நாக்கை உங்கள் கட்டுக்கு அடியில் நுழைப்பார். எடையைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுங்கள். அளவை நுனி வரை அளந்து எழுதுங்கள். ஆபத்தை மறைக்காதீர்கள். சின்னமில்லாத ஒரு மரத்துண்டைக்கூடக் கட்டில் சேர்க்காதீர்கள். இவற்றைச் செய்கிற நாட்டின் சரக்கை உலகம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்.